மேம்பட்ட ஆங்கிலச் சொல்வளம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலை கம்பஸிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவில் கம்பஸிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) முதலாம் வருடம் சேர்ந்த தமிழ்மொழி மூலப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "கிரமர் ஓரளவு தெரியும், விரிவுரையும் பாதி விளங்குது, சொல்தான் காணாது" என்பார்கள். அது சரியான கணிப்புத்தான். ஆனால் அதற்கு அவர்கள் தேடும் மருந்துதான் பிழை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "தினம் பத்து அட்வான்ஸ்ட் சொற்கள்" படங்களை ஒன்றுவிடாமல் போனில் சேமித்து வைக்கிறார்கள். அதில் 'மெலிஃப்ளுவஸ்' இருக்கும், 'க்விக்ஸோட்டிக்' இருக்கும். பாடக் குறிப்பிலும் சரி, வேலை விண்ணப்பத்திலும் சரி, வருடத்துக்கு ஒரு தடவை கூட அவற்றைச் சந்திக்க மாட்டீர்கள்.

உயர்நிலை ஆங்கிலம் எழுதுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரிந்த சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எங்கே சேராது, எந்த இடத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். அங்கேதான் வித்தியாசம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த இடத்தை நோக்கித்தான் போகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். விளையாட்டுப் பக்கம் வேண்டாம், ஆசிரியர் தலையங்கம் அல்லது பொருளாதாரக் கட்டுரை. முதல் நூறு சொற்களில் தெரியாதவற்றை அடிக்கோடிடுங்கள். இரண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். ஐந்து என்றால் அகராதியோடு சமாளிக்கலாம். பத்துக்கு மேல் போனால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு அடிப்படைச் சொற்களுக்குத் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு என்ற எண் சும்மா வந்ததல்ல. நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, ஆங்கில நாவலிலோ பத்திரிகையிலோ 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டுமென்றால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. பேச்சுக்கு 6,000 முதல் 7,000 போதும். சொற்குடும்பம் என்றால் 'அசெஸ்', 'அசெஸ்மென்ட்', 'ரீஅசெஸ்' எல்லாம் சேர்ந்து ஒன்று. அந்த 98 சதவீதத்தைத் தொட்டால், மீதி இரண்டை இடம் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடிப்படைக்கு ஒரு பட்டியல் வேண்டுமானால் 2013இல் வெளிவந்த 'நியூ ஜெனரல் சேர்விஸ் லிஸ்ட்' இருக்கிறது. சுமார் 2,800 சொற்கள், இணையத்தில் இலவசம். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2,000 சொற் பட்டியலின் புதிய வடிவம் அது.

எந்தச் சொற்களைப் படிப்பது

அடிப்படை முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: 'அக்கடமிக் வேர்ட் லிஸ்ட்'. வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. வெஸ்ட்டின் அடிப்படைச் சொற்களை விலக்கிவிட்டு, எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களை அவர் தொகுத்தார். கல்விசார் நூல்களில் ஏறத்தாழப் பத்துச் சொற்களில் ஒன்று இதிலிருந்து வருகிறது. அதிகம் வருவதிலிருந்து குறைய வருவது வரை பத்து உபபட்டியல்களாகப் பிரித்திருப்பதால் எங்கே தொடங்குவது என்று யோசிக்கத் தேவையில்லை.

முதல் உபபட்டியலைத் திறந்தால் நமது ஊருக்குப் பழக்கமான முகங்கள் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்க நிறுவனங்கள் வந்து இறங்கின அல்லவா? ஆங்கிலம் ஒரு நாளும் படிக்காத அம்மாமார் கூட "பெனிஃபிஷரி லிஸ்டில பேர் இருக்கா", "அசெஸ்மென்டுக்கு ஆள் வந்தா" என்று கதைக்கத் தொடங்கினார்கள். 'பெனிஃபிட்' குடும்பமும் 'அசெஸ்' குடும்பமும் அந்த முதல் உபபட்டியலில்தான் இருக்கின்றன. ஆக, நீங்கள் வெறும் கையோடு தொடங்கவில்லை.

நாளுக்கு ஐந்து சொல், கிழமைக்கு ஐந்து நாள் என்று போனால் 570 குடும்பங்களும் 23 கிழமையில் ஒரு சுற்று முடியும். ஐந்து கொஞ்சம் என்று தோன்றும். ஐம்பது என்று தொடங்கியவர்கள் இரண்டாம் கிழமையே கொப்பியை மூடிவைத்ததைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற மாதிரித்தான் இதுவும், மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் வரம்புதான் உடையும்.

மழை அறிக்கையில் இருக்கும் பாடம்

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

இலங்கையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசாங்கம் ஒரே விடயத்தை மூன்று மொழியிலும் வெளியிடுகிறது. ஒரு பக்கம் தமிழ், இன்னொரு பக்கம் ஆங்கிலம், பொருள் ஒன்று. காசு கொடுத்து வாங்கும் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சோடி வாக்கியங்கள் கிடைக்காது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த வானிலை அறிக்கையையே எடுப்போம். மாரி தொடங்கினால் இங்கே எல்லோருடைய போனிலும் அது வரும். இடியுடன் கூடிய மழை பெய்யும்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும், மின்னல் பாதிப்புகளைக் குறைத்துக்கொள்ள முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை எடுக்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்ற வழக்கமான வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் ஆங்கில வடிவம் ஏறத்தாழ இப்படி வரும்: 'டேக் அடிக்வட் ப்ரிகோஷன்ஸ் டு மினிமைஸ் டமேஜஸ் கோஸ்ட் பை டெம்பரரி லோக்கலைஸ்ட் ஸ்ட்ரோங் விண்ட்ஸ் அண்ட் லைட்னிங்.'

இந்த ஒரு வாக்கியத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 'அடிக்வட்', 'மினிமைஸ்', 'டெம்பரரி' மூன்றும் கொக்ஸ்ஹெட் பட்டியலில் உள்ள சொற்கள். 'டேக்' என்ற வினையும் 'ப்ரிகோஷன்ஸ்' என்ற பெயரும் சோடியாக வருகின்றன. தமிழிலும் நடவடிக்கை 'எடுக்கிறோம்', ஆகவே இங்கே நேராகப் பொருந்திவிட்டது. எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. தமிழில் முயற்சியும் எடுக்கிறோம், ஆங்கிலத்தில் அது 'மேக் அன் எஃபர்ட்'. இங்கே 'டேக்' போட்டால் பிழை.

அதே அறிக்கையில் தமிழ்ப் பக்கம் 'பலத்த மழை', 'பலத்த காற்று' என்று ஒரே அடைமொழி வரும். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்'. மாற்றிப் போட்டால் விளங்கும்தான், ஆனால் கேட்பவருக்கு உடனே இடறும். அகராதியில் தனிச்சொல்லைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த வாக்கியத்தில் ஒரு சின்னப் பிசகும் உண்டு. சேதம் என்ற பொருளில் 'டமேஜ்' பன்மை எடுக்காது. 'டமேஜஸ்' என்றால் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நட்டஈடு. அச்சில் வந்ததெல்லாம் சரி என்று நம்பாமல் அகராதியோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு இது போதும்.

இனிச் செய்முறை. ஆங்கிலப் பக்கத்தை மட்டும் முதலில் வாசியுங்கள், தெரியாததைக் குறியுங்கள், ஊகியுங்கள். பிறகு தமிழைத் திறந்து ஊகம் சரியா என்று பாருங்கள். அடுத்த நாள் தமிழ்ப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் மூல ஆங்கிலத்தைப் பார்க்கலாம். நீங்கள் எழுதியதற்கும் அதற்கும் இடையில் எங்கெல்லாம் வேறுபாடு தெரிகிறதோ, அங்கெல்லாம் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலாம் எலிசபெத் அரசியின் ஆசிரியர் ரொஜர் ஆஸ்கம் 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் கற்பிக்கப் பரிந்துரைத்ததும் இந்த இரட்டை மொழிபெயர்ப்பு முறையைத்தான்.

மழை அறிக்கை சலித்துவிட்டால் மத்திய வங்கி 2022 வரை வெளியிட்ட ஆண்டறிக்கைகளுக்குப் போங்கள், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு அவை பொக்கிஷம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் மும்மொழியிலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சட்ட ஆங்கிலம் தனி உலகம். அதிலுள்ள 'ஹியர்இன்ஆஃப்டர்' போன்றவற்றை எடுத்து வந்து கட்டுரையில் செருகாதீர்கள்.

தமிழை வைத்து ஆங்கிலம் படிக்கக் கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று ரியூஷன் வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்தவர், 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தவர், தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணிக்கும் தலைமை தாங்கியவர். இரண்டு மொழியும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது வெறும் பயம்.

சொல்லைப் பதிவது எப்படி

தபால் அட்டை அளவில் தடித்த தாள் வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் தனிச்சொல் எழுத வேண்டாம். நீங்கள் வாசித்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல் வரும் இடத்தில் கோடு போடுங்கள், முதல் எழுத்தை மட்டும் விடுங்கள். பின்பக்கம் சொல், அழுத்தம் விழும் அசை, அதோடு சேரும் இரண்டு மூன்று கூட்டாளிச் சொற்கள், கடைசியில் ஒரு வரித் தமிழ். 'மினிமைஸ்' என்றால் கூட்டாளிகள் 'ரிஸ்க்', 'கொஸ்ட்', 'இம்பாக்ட்'. தமிழ் அர்த்தம் மட்டும் எழுதிய அட்டையால் வாசிக்க மட்டும்தான் வரும், எழுத வராது.

மறப்பது இயல்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே அர்த்தமற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். அதற்கேற்ற எளிய முறையை செபஸ்டியான் லைட்னர் 1972இல் பிரபலமாக்கினார். சப்பாத்துப் பெட்டி ஒன்றை ஐந்து அறையாகப் பிரியுங்கள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே இறங்கும். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது கிழமைக்கு, நாலாவது இரண்டு கிழமைக்கு, ஐந்தாவது மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

போனில் செய்ய விரும்பினால் 'அன்கி' என்ற செயலி இதுபோன்ற கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அன்ட்ரொய்டில் இலவசம், ஐபோனில் காசு. அடுத்தவர் செய்து வைத்த ஆயிரம் அட்டைகளைத் தரவிறக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். அட்டையை நீங்களே எழுதும்போதுதான் பாதி படிப்பு நடக்கிறது.

கூட்டாளிச் சொற்கள்

ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்து அறியலாம் என்ற கருத்தை 1957இல் பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் எழுதினார். இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வரி கிடையாது.

நமது பிழைகளில் பாதி தமிழிலிருந்து வருவது. நாம் ஒன்றைப் 'பற்றி'க் கலந்துரையாடுகிறோம், ஆகவே 'டிஸ்கஸ் எபவுட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' தனியாகவே போதும். 'எம்ஃபஸைஸ்' என்ற வினைக்குப் பின் 'ஓன்' வராது. 'எம்ஃபஸிஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் வரும். 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'எவிடன்ஸ்' பன்மை எடுக்காது. கந்தோர்க் கடிதங்களில் தினமும் 'எக்விப்மென்ட்ஸ்' பார்க்கிறோம் என்பதால் அது சரியாகிவிடாது.

கூட்டாளிகளைப் பார்க்க ஒக்ஸ்ஃபோர்ட், லோங்மன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசம். முக்கியமான சொற்களின் நிலையை ஏ1 (தொடக்கநிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை ஒக்ஸ்ஃபோர்ட் குறித்திருக்கும், பி2, சி1 சொற்களில் கண்ணை வையுங்கள். 'ஸ்கெல்' என்ற இணையத்தளத்தில் ஒரு சொல்லைப் போட்டால் உண்மையான உதாரண வாக்கியங்களும், அதோடு அடிக்கடி சேரும் வினைகளும் அடைமொழிகளும் வரிசையாக வரும். பதிவு செய்யவும் தேவையில்லை.

வேர்ச்சொல்

இதைப் பற்றி அதிகம் பெருமை பேசுகிறார்கள், அந்தளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் ஓர் இருபது லத்தீன் வேர்கள் தெரிந்தால் நினைவில் நிற்க உதவும். 'ரப்ட்' என்றால் உடைதல். 'இன்ரரப்ட்' இடையில் உடைப்பது, 'டிஸ்ரப்ட்' ஒழுங்கைக் குலைப்பது, 'எரப்ட்' வெடித்து வெளியே வருவது, 'கரப்ட்' கெட்டுப்போனது. 'பாங்க்ரப்ட்' வங்குரோத்து. அது இத்தாலிய மொழியில் உடைந்த வாங்கு என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது, அங்கே பணம் மாற்றுகிறவர்கள் வாங்கில் வைத்துத்தான் தொழில் செய்தார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் இருந்து படித்த 'வாங்கு' போர்த்துக்கேய 'பாங்கோ'விலிருந்து வந்தது, அதற்கும் இதற்கும் மூலம் ஒன்றே.

வேரை வைத்து அர்த்தத்தை ஊகிக்கலாம், முடிவு செய்யக் கூடாது. அகராதியைப் பார்த்த பிறகுதான் அட்டை எழுத வேண்டும்.

உச்சரிப்பு

வாசிக்க மட்டும் தெரிந்த சொல்லை வாய் தயங்கும். 'அடிக்வட்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஏட்' என்று முடிவதுபோல எழுதப்படும் சொற்களுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது: அடைமொழியாகவோ பெயராகவோ வந்தால் பெரும்பாலும் கடைசி அசை 'அட்' என்று சுருங்கும், வினையாக வந்தால் 'ஏட்' என்று நீளும். கடல் அறிக்கையில் வருவது 'மொடரட்'. கூட்டத்தை நடத்துகிறவர் செய்வது 'மொடரேட்'. 'எஸ்டிமட்' மதிப்பீடு, 'எஸ்டிமேட்' மதிப்பிடு. 'செப்பரட்', 'செப்பரேட்' அப்படியே. சந்தேகம் வந்தால் 'யூகிளிஷ்' தளத்தில் தட்டுங்கள், உண்மையான பேச்சுக் காணொளிகளில் அந்தச் சொல் வரும் இடத்துக்கே கொண்டுபோகும்.

இடம் அறிந்து பேசுவது

பொத்துவிலில், அறுகம்பேயில், அலைச்சறுக்கு காலத்தில் வெளிநாட்டவர்களோடு சரளமாகப் பேசும் பொடியன்களைப் பார்த்திருப்பீர்கள். காதால் கேட்டுப் படித்த ஆங்கிலம், ஓசை நயம் பிரமாதம். அதே பொடியனை பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் திணறுவான். மறுபுறம், கடித ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுதுநர் ஒரு சுற்றுலாப் பயணியிடம் 'கைண்ட்லி கமென்ஸ் தி ஜேர்னி' என்பார். இரண்டுமே அரைச் சொல்வளம்தான்.

ஆகவே ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு குறி போடுங்கள்: பேச்சு, பொது, எழுத்து. 'ஸ்டார்ட்' பொது, 'கமென்ஸ்' எழுத்து. 'கெட்' பேச்சுக்கும் பொதுவுக்கும், 'ஒப்டெய்ன்' எழுத்துக்கு. அகராதியில் 'ஃபோர்மல்' என்று குறிப்பு இருந்தால் அதை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையாளாவிட்டால் தங்காது

ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிழமையில் படித்த 25 சொற்களில் எட்டோ பத்தோ எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றி 150 சொற்களில் எழுதுங்கள். மருதமுனைக் கைத்தறி, வாவியில் இறால் பிடிப்பது, பெரும்போக அறுவடைக்கு இயந்திரம் கிடைக்காத கதை, எதுவானாலும் சரி. தெரிந்த விடயமாக இருந்தால் முழுக் கவனமும் சொல்லில் இருக்கும். உலக வெப்பமயமாதல் என்று தொடங்கினால் எங்கேயோ வாசித்த வாக்கியத்தைத்தான் திரும்ப எழுதுவீர்கள்.

எழுதியதைத் திருத்த ஆள் இல்லையென்றால் சட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் கொடுக்கலாம். "திருத்தி எழுது" என்று கேட்காதீர்கள், முழுதையும் மாற்றி மினுக்கித் தந்துவிடும், நீங்கள் ஒன்றும் படிக்க மாட்டீர்கள். "எந்தச் சொற்சேர்க்கை இயல்பாக இல்லை, ஏன்" என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலையும் அகராதியில் ஒருமுறை சரிபாருங்கள்.

பேச்சுக்கு, மூன்று நாலு கூட்டாளிகள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்து, தினம் ஒரு நிமிடக் குரல்பதிவு போடுவது போதும். அன்றைய ஐந்து சொல்லில் இரண்டு அதில் வர வேண்டும். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சியை பஸ்ஸில் கேட்டுவிட்டு அதன் சுருக்கத்தைச் சொல்லலாம். கல்முனைக்குப் போய்வரும் நேரத்தில் இரண்டு மூன்று கேட்டுவிடலாம்.

ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் இந்த ஆங்கிலப் பரீட்சையில் எழுத்து, பேச்சு இரண்டிலும் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண். ஏழாம் நிலைக்கான விளக்கத்தைப் பாருங்கள். குறைவாகப் புழங்கும் சொற்களை, நடையும் சொற்சேர்க்கையும் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையில் புதுச் சொல் எதுவும் சேர்க்காதீர்கள். ஐந்தாம் அறையில் இருக்கும் அட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டு ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். வாக்கியம் மூன்று நொடிக்குள் வராத அட்டையைத் தனியே வையுங்கள், பரீட்சை மண்டபத்தில் அந்தச் சொல்லைத் தொட வேண்டாம். அதற்குப் பதிலாக நன்றாகத் தெரிந்த எளிய சொல்லைப் போடுங்கள். பரீட்சை முடிந்ததும் தனியே வைத்த அட்டைகளை முதலாம் அறையில் போட்டுத் திரும்பத் தொடங்கலாம்.